கிரஷருக்கு அறுபது ஹெச்பி

மே 6, 2025. செவ்வாய்

சுதாகர் சார் இன்று மீட்டிங்கில் சிரித்தார். ஆலை மேலாளர் சிரித்தால் யார் தலையிலோ வேலை விழப்போகிறது என்று அர்த்தம். என் தலையில்தான் விழுந்தது.

ஆலையில் ஓடும் பெரிய மோட்டார் நாற்பத்திரண்டையும் நான் அளக்க வேண்டும். எது தேவைக்கு மேல் பெரியது, எது கரண்டை வீணாகத் தின்கிறது என்று பட்டியல் போட்டுத் தந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். மாற்றிவிடலாம்! பதினொரு வருஷமாக நான் எழுதி எழுதிக் கொடுத்து அவர் மேஜை டிராயரில் செத்துப்போன விஷயம்.

காரணம் கரண்ட் பில் இல்லை. சென்னையில் ஏதோ சங்கம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஆலைகளுக்கு விருது தருகிறதாம். போன வருஷம் பக்கத்து ஆலைக்காரர் வாங்கி கேட்டில் போர்டு வைத்துவிட்டார். தினமும் அந்த போர்டைத் தாண்டித்தான் சார் கார் வருகிறது. அதுதான் காரணம். பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து அட்டை செய்கிற ஆலைக்கு விருது எதற்கு? வடலூர் ரோட்டில் போகிற பஸ்காரர்கள் எங்கள் கேட் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அதற்கு முதலில் ஏதாவது செய்யலாம்.

இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அதுவும் கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது.

மே 9

மூன்றாம் நம்பர் பம்ப். மோட்டார் எழுபத்தைந்து ஹெச்பி. சுமை நூற்றுக்கு இருபத்தெட்டு. பஸ்ஸை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகிறோம், பதினேழு வருஷமாக.

மே 12

பன்னிரண்டு மோட்டார் முடிந்தது. ஒன்றுகூட பாதிச் சுமையைத் தொடவில்லை. எப்படி இப்படி ஆயிற்று என்று பழைய ஃபைல்களைப் பார்த்தேன். பம்புக்குக் கணக்குப் போட்டவர் பயந்து பத்து சதவீதம் கூட்டியிருக்கிறார். மெக்கானிக்கல் ஆள் தன் பங்குக்கு இருபது. எலெக்ட்ரிக்கல் ஆள் அதற்கும் மேல் ஒரு சைஸ். கடைசியில் பர்ச்சேஸ், கடையில் இருந்த பெரிய மோட்டாரையே தூக்கி வந்திருக்கிறது. நான்கு பேர் பயத்தையும் சேர்த்து ராப்பகலாகச் சுற்றவிட்டிருக்கிறோம். யாரும் திருடவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. பின்னால் யாரும் தன்னைத் திட்டக்கூடாது என்ற ஒன்றுதான். எனக்கு என்னவோ திருட்டே மேல் என்று தோன்றுகிறது. திருடனாவது என்ன எடுத்தோம் என்று தெரிந்து எடுக்கிறான்.

இரண்டாம் நம்பர் கலவைத் தொட்டி மோட்டார் ஃபைலில் ‘ஒரு சைஸ் கூடுதல்’ என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பார்த்தேன். நான். 2011.

மே 14

எரிந்துபோன ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு வடலூரில் நைனா முகமது பாய் கடைக்குப் போனேன். எங்கள் மோட்டார்களுக்கு எல்லாம் காயில் கட்டுகிறவர் அவர்தான். போன நேரம், ஒருவன் கேஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு மோட்டார் வயிற்றுக்குள் தீயைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். பழைய காயில் சுலபமாக உருவி வர அப்படிச் செய்வார்கள். ஆனால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் வெந்துபோகும். அடுத்த முறை ஓடும்போது அந்த இரும்பே கரண்டைக் குடித்துச் சூடாகும். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் கெட்டுக்கொண்டே போகும். எங்கள் ஆலையில் ஐந்து தடவை கட்டியவையெல்லாம் ஓடுகின்றன.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன பாய் இது, கொல்லுறீங்களே!” என்று கத்திவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுப்புல வச்சு நிதானமா சுட்டா ஒரு நாள் ஆவும் மேடம். நீங்க காலைல மோட்டாரக் குடுத்துட்டு மத்தியானமே போன் பண்றீங்க. பாய் முடிஞ்சுதா, பாய் முடிஞ்சுதான்னு. எப்பவாச்சும் நல்லா கட்டுங்க, ரெண்டு நாள் ஆவட்டும்னு சொல்லியிருக்கீங்களா?”

சொன்னதில்லை. ஒரு தடவைகூட இல்லை. டீ வாங்கித் தந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன், வெட்கத்தில். அவர் கோபம் என்று நினைத்திருப்பார்.

மே 22. வியாழன்

கிரஷரை அளந்தேன். பாய்லருக்குப் போகும் லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை உடைக்கிற யந்திரம். மேலே தொட்டியில் கொட்டினால், ‘ஷூட்’ என்கிற சாய்ந்த இரும்புக் குழி வழியாகச் சறுக்கி, கீழே சுழலும் சுத்தியல்களுக்கு நடுவே விழும். மோட்டார் நூறு ஹெச்பி. சுமை முப்பத்தொன்று.

அங்கே கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன் நான் மீட்டர் மாட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். சேத்தியாத்தோப்புப் பக்கம். பதினான்கு வருஷமாக இதே கிரஷர்.

“இப்ப அளந்து என்னாங்க ஆவப்போவுது? வெயில்ல லிக்னைட்டு பொரி மாதிரி கெடக்குது. தானா வுழுவுது, தானா ஒடையுது. ஐப்பசியில வந்து அளங்க. களி கிண்டுனாப்புல இருக்கும்.”

இது எனக்குத் தெரியாதா? நெய்வேலியில் எந்தக் குவார்ட்டர்ஸில் கேட்டாலும் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் மைன்ஸில் இருந்து மழை நாளில் வந்தால் ஷூவை வாசலிலேயே கழற்றி, கரண்டிக் காம்பால் சுரண்ட வேண்டியிருக்கிறது. பட்டியலில் கிரஷருக்கு நேரே, ‘மழைக்காலத்தில் மறுபடி அளந்தபின் முடிவு செய்க’ என்று எழுதினேன்.

ஜூன் 3

பட்டியல் கொடுத்தேன். சுதாகர் சார் கடைசிப் பக்கத்தில், மொத்தம் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற கூட்டுத்தொகையைத்தான் முதலில் பார்த்தார்.

“ஒன்பது புள்ளி நாலா? பத்து இருந்தாத்தான் மேடம் முதல் வரிசை.”

பிறகு பென்சிலால் தேடி கிரஷருக்கு வந்தார். நூறை எடுத்துவிட்டு அறுபது போட்டால், அது ஒன்றிலேயே பத்தைத் தாண்டிவிடும். “இதுல மட்டும் ஏன் மழை மழைன்னு எழுதியிருக்கீங்க?”

சொன்னேன். ஈர லிக்னைட் ஒட்டும், சுத்தியல் திணறும், அறுபது ஹெச்பி தாங்காமல் நின்றுவிடும். நின்றால் யாராவது ஷூட்டுக்குள் இறங்கிக் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஆபத்து.

“விண்ணப்பம் ஜூலைல முடியுது. அவங்க ஐப்பசி வரைக்கும் உக்காந்திருப்பாங்களா? ஃபார்ம்ல மழைக்குன்னு ஒரு கட்டம் இருக்கா, காட்டுங்க பார்ப்போம்.”

இல்லை. சராசரிச் சுமை என்றுதான் இருக்கிறது. ‘பட்டியல் முழுசா இருந்தா முதலாளி கையெழுத்து போடுவார், இல்லாட்டி நாற்பத்தொண்ணும் கிடையாது, யோசிங்க’ என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 4

யோசிக்கிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “மழையில எங்க பெரிய மெஷினே மொனகும் செவ்வந்தி. அறுபதெல்லாம் வெளையாட்டு” என்றார். அப்புறம் செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான். அவர் பெர்மனென்ட். அவர் யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் 5

கையெழுத்துப் போட்டேன். மழை பற்றிய வரியை நானே அடித்தேன், ஸ்கேல் வைத்து, சுத்தமாக.

ஏன்? இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேனே. நாற்பத்தொன்றைக் காப்பாற்ற ஒன்றை விட்டேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வேன். அது பாதிதான். மீதிப் பாதி — விண்ணப்பத்தில் ‘திட்டப் பொறியாளர்’ என்று என் பெயர் வருகிறது. பதினேழு வருஷத்தில் என் பெயர் வந்த காகிதம் எல்லாம் விளக்கம் கேட்கும் மெமோ. எனக்கும் ஆசை இருக்காதா? சீ.

ஜூலை 21

புது மோட்டார்கள் லாரியில் வந்து இறங்கின. உயர்ந்த ரகம், வாங்கும் கரண்டில் பெரும்பங்கை வேலையாகவே திருப்பித் தரும். கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும். பழையவற்றின் மேல் தோசையே சுடலாம். நாள் முழுக்க கிரீஸ் கையோடு திரிந்தேன். எல்லா வெறுப்பும் மறந்துபோயிருந்தது.

ஜூலை 30

மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பெரிய ஃபேனுக்குப் புது மோட்டார் போட்டும் மின்சாரம் குறையவே இல்லை, கூடியிருக்கிறது! இன்று காலை குளிக்கும்போது சட்டென்று பிடிபட்டது. புது மோட்டார் நிமிஷத்துக்கு முப்பது சுற்று அதிகம் ஓடுகிறது. கொஞ்சம் வேகம் கூடினாலே ஃபேன் நிறையக் காற்றைத் தள்ளும், நிறைய இழுக்கும். தேவையில்லாத காற்று. மோட்டார் பக்கம் பெல்ட் ஓடுகிற சக்கரத்தைக் கொஞ்சம் சின்னதாக மாற்றினேன். சாயங்காலம் மீட்டர் முள் இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘அப்போ முதல்ல தப்பா போட்டீங்களா’ என்றுதான் கேட்பார்கள்.

நல்ல நாள். இந்த வருஷத்தில் இதுதான் நல்ல நாள்.

ஆகஸ்ட் 12

கிரஷர் மோட்டாரையும் மாற்றியாயிற்று. பழைய நூறை, விருதுக்காரர்கள் கேட்ட போட்டோவுக்காக, சம்மட்டியால் உடைத்துப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். திரும்பிப்போக வழி இல்லை.

கொளஞ்சிநாதன் புதுசைச் சுற்றி வந்து பார்த்தார். “இத்தினிக்காண்டா?”

ரகம் உசத்தி என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டினாரா, மேடத்திடம் என்ன பேச்சு என்று தலையாட்டினாரா, தெரியவில்லை.

செப்டம்பர் 9

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டதாம். கேண்டீனில் எல்லோருக்கும் கேசரி. நானும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. எல்லா மோட்டாருக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். சுதாகர் சார் பட்டு வேட்டியில் வந்து பூசணிக்காய் உடைத்தார். கிரஷருக்குப் பொட்டு வைத்த கொளஞ்சிநாதன், “பொட்டு வெக்கவே எடம் பத்தலீங்களே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாழைக்கன்றைச் சரிசெய்வது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 18. சனி

மழை. விடியற்காலை பிடித்தது, விடவில்லை. பத்து மணிக்கு கிரஷர் நின்றது.

அக்டோபர் 20

தீபாவளி. கிரஷர் நான்கு தடவை நின்றது. எனக்கு லீவு. கொளஞ்சிநாதனுக்கு இல்லை.

அக்டோபர் 23

இன்று ஏழு தடவை. சுமை கூடினால் மோட்டார் எரியாமல் இருக்க ஒரு ரிலே தானாகக் கரண்டை அறுத்துவிடும். அதுதான் அறுக்கிறது. அதன் வேலையை அது செய்கிறது. இந்த ஆலையில் தன் வேலையைச் செய்வது அது ஒன்றுதான்.

சுதாகர் சார் போனில்: “ரிலே செட்டிங்கை ஏத்தி வைங்க மேடம். பாய்லர்ல ஸ்டீம் இல்ல, மெஷின் நிக்குது. பட்டியல் போட்டது நீங்கதானே?”

பட்டியல் போட்டது நான்தானே. டயலை இரண்டு கோடு ஏற்றினேன். இனி சீக்கிரம் அறுக்காது. அடைத்துக்கொண்டாலும் முனகிக்கொண்டே நிற்கும். இது தப்பு என்று டிப்ளமோ முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்த பிறகு கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 29

மழை கொஞ்சம் விட்டிருந்தது. மத்தியானம் கிரஷர் பக்கம் போனேன். கொளஞ்சிநாதன் இடுப்புவரை ஷூட்டுக்குள் நின்று கடப்பாரையால் குத்திக்கொண்டிருக்கிறார். வரும் வழியில்தான் மாடியில் சுவிட்ச் பேனலைப் பார்த்தேன் — மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது! ஸ்டாப் பட்டனை மட்டும் அழுத்தியிருக்கிறார்கள். கன்ட்ரோல் ரூமில் எவனாவது ஸ்டார்ட்டைத் தொட்டால்? காலுக்குக் கீழே ஒரு முழத்தில் சுத்தியல்.

என்ன கத்தினேன் என்றே ஞாபகம் இல்லை. மேலே வரச் சொல்லி அவரைத்தான் கத்தினேன். அறிவிருக்கா, புள்ளகுட்டி இல்லையா, ஃப்யூஸைக் கழட்டாம எறங்கக்கூடாதுன்னு எத்தனை தடவை கிளாஸ் எடுத்தோம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “பேனலு அந்தாண்ட மாடியில இருக்குது. எலெக்ட்ரீசன் வரணும், பேப்பர்ல மூணு பேரு கையெழுத்து போடணும். அரை மணி ஆவுதுங்க. ஒரு நாளைக்கு ஏழு வாட்டி அரை மணி. ஃப்யூஸக் கழட்டிட்டு எறங்கினா சூப்பர்வைசரு திட்றாரு. கழட்டாம எறங்கினா நீங்க திட்றீங்க. எந்தத் திட்டுக்குச் சம்பளத்துல புடிக்க மாட்டாங்களோ, அந்தத் திட்ட வாங்கிகினு இருக்கேன்.”

அந்த ஆள் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ரிலேயை நான் ஏற்றியது அவருக்குத் தெரியாது. முன்பு அடைத்தவுடன் தானாக அறுத்துவிடும். நின்றுவிட்டது என்று நம்பி இறங்கலாம். இப்போது அதுவும் இல்லை. நான் எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 30

காலையில் முதல் வேலையாக ரிலேயைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். ஒன்பது தடவை நின்றது. சார் போன் பண்ணினார். எடுக்கவில்லை.

நவம்பர் 5

மறுபடி அடைமழை. கொளஞ்சிநாதன் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நடுவில் வளைந்திருந்தது. அடைப்பைக் குத்திக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல் ரூமில் ஸ்டார்ட் போட்டுவிட்டார்களாம். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. இறங்கவில்லை, மேலே நின்றுதான் குத்தினாராம். அதனால் கடப்பாரை மட்டும்.

“இன்னும் ரெண்டு படி எறங்கிதான் குத்தணும்னு இருந்தேன். பீடி ஒன்னு இருந்துச்சு, அத்தக் குடிச்சிட்டு எறங்கலாம்னு நின்னுட்டேங்க.”

சிரித்தார். ஒரு பீடி. ஒரு ஆள் உயிருக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

நவம்பர் 6. வியாழன்

எழுதக் கை வலிக்கிறது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

காலை பத்தரைக்கு கிரஷர் அடைத்தது. கொளஞ்சிநாதன் இறங்கமாட்டேன் என்றார். சூப்பர்வைசர் திட்டினான், கான்ட்ராக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுவேன் என்றான். போனேன். மழைக்கு ஓட்டுக் கொட்டகையில் பத்துப் பேர் கூடி நிற்கிறார்கள்.

கொளஞ்சிநாதன் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: “நான் எறங்கலீங்க. இந்த மோட்டாரு போதும்னு யாரு எழுதிக் குடுத்தாங்களோ, அவங்க வந்து எறங்கட்டும்.”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். கொளஞ்சிநாதனுக்குத் தெரியுமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

“நான்தான் எழுதிக் குடுத்தேன்” என்றேன்.

பேனலுக்குப் போனேன். மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸைக் கழற்றினேன். யாரும் திரும்பப் போட முடியாதபடி, என் லாக்கர் பூட்டைக் கழற்றி வந்து சுவிட்சின் பிடியில் மாட்டிப் பூட்டினேன். சாவியைச் சுடிதார் பையில் போட்டு ஊக்கு குத்திக்கொண்டேன். திரும்பி வந்து ஷூட்டுக்குள் இறங்கினேன்.

முழங்கால்வரை புதைந்தது. வெளியே குளிர், உள்ளே புழுக்கம். மக்கின இலை நாற்றம். மேலே சுவரெல்லாம் ஒட்டி நிற்கும் லிக்னைட் எப்போது தலையில் சரியும் என்று தெரியாது. கடப்பாரையைத் தூக்கவே இடம் இல்லை. குத்தினால் ஒரு பிடி பெயரும், கடப்பாரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். கீழே சுத்தியல்களின் முனை என் செருப்பில் தட்டியது. சாவி என் பையில்தான் இருக்கிறது என்று தெரியும். நான் பூட்டிய பூட்டு. ஆனாலும் நிமிஷத்துக்கு ஒரு தரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாவி பையில் இருந்தே இப்படி என்றால் இருபது நாளாக அந்த மனுஷன் எப்படி நின்றார்?

அரை மணியில் இரண்டு சட்டி எடுத்திருப்பேன். மூச்சு வாங்கியது. மேலே இருந்து கொளஞ்சிநாதன் குரல்: “போதுங்க. ஏறி வாங்க.” கையைக் கொடுத்துத் தூக்கினார்.

மேலே வந்து சாவியை நீட்டினேன். “உங்களுக்கு. இனி எறங்குற ஆள் பூட்டிட்டு, சாவிய தன் பையில வச்சுகிட்டுத்தான் எறங்கணும். பூட்டு மாட்டாம எவன் சொன்னாலும் எறங்காதீங்க. நான் சொன்னாலும்.”

வாங்கிக்கொண்டார். மாடிக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான் இறங்கினார். அவர் இழுத்துப் பார்த்தது எனக்குப் பிடித்தது. என்னை நம்பாதது சரிதான்.

நவம்பர் 7

கடிதம் எழுதினேன். நான்கு வரி. ‘நாற்பத்தொரு மோட்டார் தேர்வு சரி. கிரஷர் மோட்டார் தேர்வு தவறு. வெயில் காலத்தில் மட்டும் அளந்து முடிவு செய்யப்பட்டது. தவறு எனக்குத் தெரிந்தே நடந்தது, கையெழுத்து என்னுடையது.’ சுதாகர் சாருக்கு ஒன்று. விருது சங்கத்துக்கு ஒன்று.

இவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “‘தெரிந்தே’ன்னு எழுதணுமா?”

“ஆமா.”

“சரி, சாப்பிடு. ஆறிப்போகுது.”

நவம்பர் 10

சுதாகர் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு என்ன மேடம் வேணும்? பிரமோஷனா? சொல்லுங்க, பேசிக்கலாம்” என்றார்.

ஒரு மனுஷி தப்பை ஒத்துக்கொண்டால் அதற்கும் ஒரு விலை இருக்கும் என்று சார் நிஜமாகவே நம்புகிறார். இத்தனைக்கும் கெட்டவர் இல்லை. போன மாதம் வாட்ச்மேன் மகள் ஆபரேஷனுக்கு ஓடி ஓடி உதவினார்.

“நூறு ஹெச்பி மோட்டார் வேணும் சார்” என்றேன்.

நவம்பர் 14

பூட்டு மாட்டாமல் யாரும் இறங்குவதில்லை. ஒவ்வொரு அடைப்புக்கும் அரை மணி. உற்பத்தி பாதியாகிவிட்டது. கடிதத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள். இன்று புது நூறு ஹெச்பி வந்து இறங்கியது. அதே உயர்ந்த ரகம். ஆர்டர் போட்டு நான்கே நாள். ஜூனில் இருபது பக்கம் எழுதினேனே!

நானே பொருத்தினேன். ஈர லிக்னைட்டை அள்ளிக் கொட்டி அளந்தேன். சுமை எழுபத்தாறு. சரியான சைஸ். மழையில் அளந்தால் சரியாகத்தான் வருகிறது.

நவம்பர் 17

ஸ்டோருக்கு மாற்றல். ‘நிர்வாகக் காரணம்’. நட்டு, போல்ட்டு, பேரிங், கையுறை. மோட்டார் பக்கம் போக எனக்கு இனி பாஸ் கிடையாது.

நவம்பர் 28

விருது வந்துவிட்டது. என் கடிதத்தைப் பார்த்து கணக்கைத் திருத்தி இரண்டாம் வரிசையில் வைத்திருக்கிறார்கள். கூடவே ‘நேர்மையாகத் தகவல் தந்தமைக்காகச் சிறப்புப் பாராட்டு’ — ஆலைக்கு! சுதாகர் சார் மேடையில் வாங்குகிற போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். கேண்டீனில் மறுபடி கேசரி. இந்தத் தடவை சாப்பிடவில்லை.

டிசம்பர் 11

மூன்று நாளாக மழை. ஸ்டோர் ஜன்னலில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். கிரஷர் நேற்று ஒரு தடவை நின்றதாம், இன்று இல்லை.

பதினொரு மணிக்கு ஒரு சீட்டு வந்தது. பூட்டு, சாவியோடு, பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் பெயின்ட்டில் எழுதித் தர வேண்டும். ஒப்புதல்: சுதாகர். எதற்கு என்ற இடத்தில் எழுதியிருந்தது: ‘பாதுகாப்பு விருது விண்ணப்பம், போட்டோவுக்காக.’

சீட்டைக் கசக்கிப் போடலாம் போல இருந்தது. போடவில்லை. பெட்டியைத் திறந்து பதினொன்றையும் எண்ணி எடுத்து, நானே பிரஷ் வைத்துப் பெயர் எழுதிக் காயவைத்தேன்.

சாயங்காலம் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். கொளஞ்சிநாதன் தன் பூட்டை வாங்கி, பூட்டினார், இழுத்தார், சாவி போட்டுத் திறந்தார். மறுபடி பூட்டினார், இழுத்தார். பிறகுதான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.